ஒருத்திக்குத்தான் உத்தரவு

சன்னிதி முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டு அருளம்பலத்தார் கோப்பாய்க்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. படலையைத் திறந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. வளவின் பின்மூலையில் இருந்த கொட்டிலுக்கு நேரே வந்து, வாசலுக்கு நாலு முழம் தள்ளி நின்றார். கொட்டிலுக்குள் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மூத்த மகள் பராசக்தி. மற்றதில் இளையவள் அருந்ததி. தாய் நல்லம்மா கஞ்சிக் கோப்பையோடு இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டாள் நல்லம்மா, பக்கத்து வீட்டு மனிதரிடம் போய் வந்தவரைக் கேட்பதுபோல.

"ரெண்டு பேருக்கும் எண்டு கேட்டன். வெள்ளைப் பூ வந்திட்டுது." அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "மனம் கேக்கேல்லை. ஒருத்திக்கெண்டாலும் எண்டு திருப்பிக் கேட்டன். சிவப்பு வந்தது."

சிவப்பு வந்தால் உத்தரவு. வெள்ளை வந்தால் இல்லை. வாழையிலைத் துண்டில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பித்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கலியாணத்துக்கும் காணி வாங்கவும் பூக்கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அருளம்பலத்தார் கேட்கப் போனது கோழிமுட்டைக்கு.

அவர் சிவதீட்சை பெற்றவர். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும் நாட்களில் பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்வதும் அவர்தான். அந்த வீட்டுப் படலைக்குள் மீன், முட்டை, இறைச்சி என்று மச்சம் எதுவும் மூன்று தலைமுறையாக வந்ததில்லை. மீன்காரர் கூட அந்த ஒழுங்கையில் அவர் வீட்டைத் தாண்டிய பிறகுதான் கூவுவார்கள். அப்படியான வீட்டில், உலக யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம், இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கசம் என்கிற சயரோகம் வந்தது. முதலில் பராசக்திக்கு நெஞ்சில். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள், இருபத்திமூன்று வயது. அவளோடு ஒரே பாயில் படுத்த அருந்ததிக்கு ஆறு மாதம் கழித்துக் குடலில். பதினேழு வயது. வயிறு பெருத்து, கை கால் ஈர்க்காகி, பிறகு பாதங்கள் மட்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே கிடக்கும்.

"எந்த ஒருத்திக்கு எண்டு கேக்கேல்லையோ?" என்றாள் நல்லம்மா.

"அதைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை."

கட்டிலில் கிடந்தபடி பராசக்தி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்த பின்பு சொன்னாள்:

"அதுக்கேன் ஐயா முருகனைக் கரைச்சல் படுத்துவான்? லியோனின்ரை போத்தல் போன கிழமையே சொல்லிப்போட்டுதே."

*

லியோன் குருநகர்க்காரன். தொண்டைமானாற்றுக்கு இப்பால் கடலைப் பார்த்தபடி இருந்த சயரோக ஆஸ்பத்திரியில் இரத்தம், சளி பார்க்கிற வேலை அவனுக்கு. யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்துவிட்டு வந்தவன். ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை என்பதால் மாதம் ஒருமுறை கூடார வண்டிலில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார் அருளம்பலத்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் அவர் ஏற்றியிருக்க மாட்டார்.

போன கிழமை போனபோது லியோன் மேசையில் நீலத் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. அருளம்பலத்தார் குனிந்து பார்த்தார்.

"உது மயில்துத்தமெல்லே தம்பி? மாட்டுக்குக் குளம்பு கழுவக் கரைக்கிறது."

"ஓம் ஐயா, அதேதான். நல்லகாலம், இண்டைக்கு வந்த ஆக்கள் ஒருத்தருக்கும் குளம்பில்லை."

பராசக்திக்குச் சிரிப்பு வந்தது. லியோன் இருவரின் கையிலும் இரத்தம் எடுத்து, அது உறைந்து மேலே ஒதுங்கிய மஞ்சள் நீரைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, நீலத் தண்ணீருக்குள் ஒவ்வொரு துளியாக விட்டான். துளி பாரமென்றால் தாழும். லேசென்றால் மேலே எழும்பும். எந்தப் போத்தலில் தாழாமலும் எழும்பாமலும் பத்து எண்ணும் வரைக்கும் நடுவில் நிற்கிறதோ, அந்தப் போத்தலின் இலக்கத்தைக் கொண்டு இரத்தத்தில் எவ்வளவு சத்து என்று சொல்லிவிடலாம். இப்போது புரதம் என்கிறார்கள். லியோன் அன்று இரத்தச் சத்து என்றுதான் சொன்னான்.

பராசக்தியின் துளி பாரமான போத்தலில் நின்றது. அருந்ததியினுடையது போத்தலுக்குப் போத்தல் மேலே மேலே மிதந்துகொண்டு வந்து, கடைசி வரிசையில்தான் அசையாமல் நின்றது. தன் உடம்புக்குள் இருந்த ஒன்று அப்படிப் பஞ்சுபோல் மிதப்பதைப் பார்க்க அருந்ததிக்கு வெட்கமாக இருந்தது.

"ரீச்சருக்கு ஏழு தசம் ரெண்டு. தங்கச்சிக்கு நாலு தசம் எட்டு."

"சுகதேகிக்கு எவ்வளவு இருக்க வேணும்?"

"ஆறரைக்கும் எட்டுக்கும் இடையிலை."

"அப்ப நான் பாஸ்," என்றாள் பராசக்தி. "இவள் பள்ளிக்கூடத்திலையும் பெயில், இஞ்சையும் பெயில்."

"அக்காவுக்கு எங்கை போனாலும் மார்க்ஸ்," என்றாள் அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

டொக்டர் அந்தக் கடதாசியைப் பார்த்தார். இளையவளின் கால் வீக்கத்துக்குக் காரணம் சத்துக் குறைவுதான் என்றார். பிறகு அருளம்பலத்தாரிடம், இரண்டு பேருக்கும் முட்டை, மீன், இறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும், பால் மட்டும் போதாது என்று சொன்னார். இரண்டு பேருக்கும் என்றுதான் சொன்னார். அதை அருந்ததி தன் காதால் கேட்டாள். அருளம்பலத்தார் அடுத்த கிழமை விடியக் குளித்துவிட்டுச் சன்னிதிக்கு நடந்தார்.

*

இப்படித்தான் அந்த ஒருத்தி அருந்ததியானாள். ஒருவரும் அதை அநியாயமென்று நினைக்கவில்லை. முருகன் ஒன்று கொடுத்தான். அதை யாருக்கென்று போத்தல் சொன்னது. பாலை வழக்கம்போல இருவருக்கும் சரிபாதியாகவே நல்லம்மா ஊற்றினாள்.

லியோன் சனிக்கிழமை தோறும் பின்னேரம் குருநகருக்குச் சைக்கிளில் போவான், ஞாயிறு பூசைக்கு. அவன் மனைவி சிசிலியா ஆஸ்பத்திரி விடுதியில் கோழி வளர்த்தாள். ஒரு பேணியில் உமியைக் கொட்டி அதற்குள் ஏழு முட்டைகளைப் புதைத்து அனுப்புவாள். ஒழுங்கை முகப்பில் மணிச்சத்தம் கேட்டதும் அருளம்பலத்தார் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் வாங்கிவருவார்.

"என்ன அருளம்பலத்தார், உமியோ?" என்று ஒருநாள் எதிரே வந்த கதிரவேலு வாத்தியார் கேட்டார்.

"ஓம், மாட்டுக்கு."

"மாடு உமி தின்னுமோ?"

"எங்கடை மாடு தின்னும்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார். அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கும் என்று பராசக்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லியோன் முதல் மாதமே கேட்டான்: "பதினாலாத் தரட்டோ ஐயா? சிசிலியாவின்ரை கோழி நல்லாய் இடுது."

"வேண்டாம் தம்பி. ஒருத்திக்குத்தான் உத்தரவு."

லியோனுக்கு அது விளங்கியதோ தெரியாது. அவன் பேணியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

முட்டையை அவர் ஒருநாளும் முட்டை என்று சொன்னதில்லை. "அந்தச் சாமான்" என்பார். கொட்டிலுக்குப் பின்னால், வேலியோரமாக மூன்று கல்லை வைத்து, பழைய பால்பேணியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, தானே அவிப்பார். நல்லம்மாவைத் தொடவிடவில்லை, பாவம் வந்தால் ஒருவரோடு போகட்டும் என்பது அவர் எண்ணம். அவித்ததை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். கார்த்திகை மழையிலும் அப்படித்தான். மழையில் நனைந்து வந்தவர் மறுபடியும் துலாவில் அள்ளிக் குளிப்பதைப் பார்த்து, "ஐயாவுக்குத்தான் முதலிலை கசம் முத்தப்போகுது" என்று பராசக்தி சொல்லுவாள்.

முதல் மூன்று நாள் அருந்ததி ஓங்காளித்தாள். நாலாம் நாள் மிளகும் உப்பும் தொட்டு விழுங்கினாள். ஒரு மாதம் போன பிறகு, வேலியோரம் பேணிக்குள் முட்டை உருண்டு மோதும் சத்தம் கேட்டாலே அவள் வாயில் நீர் ஊறியது. கால் வீக்கம் வற்றியது. கனகாலம் செத்துக் கிடந்த பசி எழும்பி வந்து, வந்த வேகத்தில் ஆளையே தின்னும்போல் இருந்தது. அவள் பசியில் விழித்தாள், பசியில் தூங்கினாள்.

பராசக்தி கட்டமிட்ட கடதாசி ஒன்றைக் கிடுகுச் சுவரில் முள்ளால் குத்தி வைத்திருந்தாள். மாதா மாதம் லியோன் சொல்லும் இலக்கத்தை அதில் புள்ளியிட்டுக் கோடு இழுப்பாள். தனக்குச் சிவப்புப் பென்சில்; தங்கைக்கு நீலம். அருந்ததியின் கோடு நாலு தசம் எட்டிலிருந்து ஐந்து தசம் மூன்றுக்கும், அங்கிருந்து ஐந்து தசம் ஒன்பதுக்கும் ஏறியது. பராசக்தியின் கோடும் ஏறியது. ஏழு தசம் ஆறு. பிறகு ஏழு தசம் ஒன்பது.

"முட்டை தின்னாமலே ஏறுறன் பார்," என்பாள். "சைவக்காரியின்ரை ரத்தம்."

வேலிக்கு மேலால் சுகம் விசாரிக்கிற பெண்களுக்கு நல்லம்மா, "பெரியவளுக்குச் சத்து ஏறுது, தமையன்ரை ஆஸ்பத்திரியிலை அளந்து பாத்தது" என்பாள். லியோனை அவள் பிள்ளைகளின் தமையன் என்றே சொல்லப் பழகிவிட்டாள். அப்படிச் சொல்லுகிறவள்தான் அதே கிழமையில் பராசக்தியின் சட்டையை மூன்றாம் தரமும் பிடித்துத் தைத்தாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, "மெலிஞ்சு போறாய் பிள்ளை" என்றாள்.

"அது காய்ச்சல் உருக்கிறது அம்மா. உள்ளுக்குச் சத்து இருக்கு. கோட்டைப் பாருங்கோ."

நல்லம்மா கோட்டைப் பார்த்தாள். கோடு உண்மையில் ஏறித்தான் இருந்தது. கைக்குள் இருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

*

அந்தக் கார்த்திகையில் ஒரு பின்னேரம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நல்லம்மா மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருந்தாள். அருளம்பலத்தார் வாசலில் வைத்துவிட்டுப் போன முட்டையில் பாதியை அருந்ததி தின்றிருந்தாள். மீதிப் பாதி விரல்களுக்கிடையில் இருந்தது. ருசி போய்விடுமே என்று ஆறுதலாகத் தின்பது அவள் பழக்கம்.

பராசக்தி அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எப்பிடியடி இருக்கும் உது?"

"எது?"

"உதுதான். ஐயாவின்ரை சாமான்."

"வெள்ளை சப்பு. உள்ளுக்கு மா மாதிரி இருக்கும். ஆனா வாயிலை கரையும்."

"எனக்கு மணம் பிடிக்காமல்தான் இருந்தது முதல். இப்ப ஒண்டும் செய்யேல்லை." பராசக்தி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். "ஒரு கடி தா பாப்பம்."

அவள் அப்படி எதையும் கேட்பவள் அல்ல. மாம்பழக் காலத்தில் கூடத் தன் பங்கைத் தங்கைக்குத் தள்ளிவிடுபவள். அது அருந்ததிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கை தானாகப் பின்னுக்குப் போனது.

"உன்ரை கோட்டைப் பார் அக்கா. உனக்கு இன்னும் போட்டால் அது தாளைத் தாண்டிக் கூரைக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டு மீதியை வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

பராசக்தி நீட்டிய கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்தாள். "கள்ளி," என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலைக் கொண்டுவந்தது. அன்று இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அருந்ததிக்கு அக்காமேல் கோபமில்லை, பொறாமையில்லை. பசி. சொன்ன பகிடியும் பொய்யில்லை. சுவரில் இருந்த கடதாசி அதைத்தான் சொன்னது. பராசக்தி பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. அருந்ததியும் தானாகக் கொடுக்கவில்லை.

*

தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் பராசக்தியைத் தராசில் ஏற்றினார். ஒன்பது இறாத்தல் குறைந்திருந்தது. நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார். இடது பக்கத்தில் மட்டும் இருந்தது இப்போது வலது பக்கத்துக்கும் போயிருந்தது.

"வீட்டிலை என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

"பால், கஞ்சி, கீரை..." என்று தொடங்கிய அருளம்பலத்தார் நடுவில் நிறுத்தினார். "ஆனா இவளுக்குச் சத்து ஏறுதெல்லே டொக்டர். ஏழு தசம் ஒன்பது."

டொக்டர் அவரைப் பார்த்தார். லியோனைக் கூப்பிட்டு, இரண்டு பேரின் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். பிரிக்கிற வசதி இங்கே இல்லை. மறுமொழி வர மாசி பிறந்துவிட்டது.

லியோன் அதைக் கொண்டுவந்தது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை வருகிறவன் புதன்கிழமை வந்து, சைக்கிளை ஒழுங்கையில் நிறுத்தாமல் படலைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தான். அப்போதே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கடதாசியை அருளம்பலத்தாரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை, அது இங்கிலீசில் இருந்தது.

"இஞ்சை தா லியோன்," என்றாள் பராசக்தி. அவளால் எழும்பி இருக்க முடியவில்லை. படுத்தபடியே பிடித்துப் படித்தாள். தன்னுடையதைப் பார்த்தாள், தங்கையினுடையதையும் பார்த்தாள். கணக்குப் படிப்பித்தவள் அல்லவா? உதடு அசைய மனத்துக்குள் கூட்டினாள்.

"ரெண்டு தசம் மூண்டும் ஐஞ்சு தசம் ஆறும் ஏழு தசம் ஒன்பது," என்றாள். "கூட்டினது சரி. பிரிச்சுப் பாக்கத்தான் தெரியாமல் போச்சு."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றாள் நல்லம்மா.

லியோன் வாசலில் குந்தினான். பிள்ளைகளை விட்டு அருளம்பலத்தாரைப் பார்த்துத்தான் சொன்னான்:

"ஐயா, ரத்தச் சத்திலை ரெண்டு வகை. ஒண்டு தோட்டத்திலை உழைக்கிற ஆக்கள் மாதிரி. உடம்பைக் கட்டி வைச்சிருக்கிறது அதுதான். மற்றது காவலுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி. கள்ளன் வந்தால் அவை கூடுவினம். ரீச்சரின்ரை உடம்பிலை கள்ளன் பெருகப் பெருகக் காவல்காரர் கூடிக்கொண்டு போயிருக்கினம். உழைக்கிறவை குறைஞ்சு மூண்டிலை ஒரு பங்கு கூட இல்லை. என்ரை போத்தல் எல்லாரையும் சேத்து எண்ணிப்போட்டுது."

"அப்ப சின்னவளுக்கு?"

"தங்கச்சிக்கு மொத்தம் குறைவு. ஆனா அதிலை உழைக்கிறவைதான் கூட. மூண்டு தசம் நாலு. முட்டை அங்கை போய்ச் சேந்திருக்கு."

அருளம்பலத்தார் வாசலுக்கு நாலு முழம் தள்ளித்தான் நின்றார். "அப்ப அந்தச் சாமான் தேவைப்பட்டது இவளுக்குமோ?"

"ரெண்டு பேருக்கும்தான் ஐயா. டொக்டர் முதல் நாளே சொன்னவர்." லியோன் தலையைக் குனிந்தான். "முட்டை குடுத்திருந்தால் மாறியிருக்கும் எண்டு நான் சொல்லேல்லை. இந்த வருத்தத்துக்கு ஒருத்தராலையும் அப்பிடிச் சொல்ல ஏலாது. நானும் அந்தப் போத்தலைப் பாத்துச் சந்தோசப்பட்டவன்தான். வாற சனி பதினாலு கொண்டுவாறன்."

"சனி மட்டும் பொறுக்க வேண்டாம்," என்றார் அருளம்பலத்தார். "இண்டைக்கே நான் வாறன்."

அவர் இந்த முறை பூக்கட்டிப் பார்க்கப் போகவில்லை. வண்டிலில் மாட்டைப் பூட்டி, லியோனின் சைக்கிளுக்குப் பின்னாலேயே போய் முட்டை வாங்கி வந்தார். அன்றிலிருந்து வேலியோரத்துப் பேணியில் இரண்டு முட்டைகள் அவிந்தன. பராசக்தி அதை வாயில் வாங்கினாள். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு தகப்பனைப் பார்த்து, "நல்லாய் இருக்கு ஐயா" என்று குழறினாள். அவர் கிணற்றடிக்குப் போனதும் தங்கையிடம் கேட்டாள்:

"ஐயா போயிட்டாரோ?"

"ஓம்."

சிரட்டையை எடுத்து அதில் துப்பினாள். காய்ச்சலில் வெந்த தொண்டையால் ஒன்றும் இறங்கவில்லை. "சொல்லிப்போடாதை," என்றாள். "மழை எண்டும் பாராமல் குளிக்கிற மனுசன்."

அருந்ததி தன் முட்டையையும் அந்தச் சிரட்டையில் போட்டாள். அதைக் கண்ட பராசக்தி, பேசச் சக்தியில்லாத நேரத்திலும், படுக்கையில் அடித்து ஏசினாள். "எடு. எடுத்துக் கழுவித் தின். உன்ரை கோட்டை நான் கீழை இழுக்க மாட்டன்." அருந்ததி எடுத்துக் கழுவித் தின்றாள்.

பராசக்தி பங்குனி மாதம் ஒரு காலையில், நல்லம்மா அவள் தலையை வாரிக்கொண்டிருக்கும்போது போனாள். பாதித் தலை பின்னியிருந்தது. நல்லம்மா மீதியையும் பின்னி முடித்த பின்புதான் குரல் எடுத்தாள். அடுத்த வருடம் கசத்துக்கு ஊசி மருந்து கொழும்புக்கு வந்தது. அருந்ததிக்கு அது போட்டார்கள். அவள் பிழைத்தாள்.

*

பராசக்தி போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று வீடு நிறைய ஆட்கள். செத்தவர் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்துத் தலைவாழையிலையில் படைத்து, ஆத்துமாவைத் திருப்திப்படுத்தி அனுப்புகிற நாள் அது. அருளம்பலத்தாரின் தமையன் தம்பிராசா முன்னின்று நடத்தினார். வாழைக்காய், பயற்றங்காய், வடை, மோதகம், பாற்புக்கை என்று அடுப்புகள் விடிய முதலே எரிந்தன.

அருந்ததி கொட்டிலில்தான் இருந்தாள். அவளை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, கூப்பிட முடியாது. பக்கத்துக் கட்டிலில் பாயைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். அதன் கயிறு மட்டும் தெரிந்தது.

நல்லம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். "எல்லாம் சமைச்சாச்சு. பலாக்கொட்டைக் கறியும் வைச்சன். வேறை என்ன பிள்ளை அவளுக்கு விருப்பம்? நீதானே கடைசி வரைக்கும் கூடக் கிடந்தனி."

அருந்ததி ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது அவளோடு போயிருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், கட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"முட்டை கேட்டவள் அம்மா. மழை நாளிலை. ஒரு கடி தா எண்டு கேட்டவள். நான் குடுக்கேல்லை. பகிடி விட்டிட்டுத் திண்டிட்டன்."

நல்லம்மாவுக்குப் பின்னால், அந்த நாலு முழத்தில், அருளம்பலத்தார் நின்றுகொண்டிருந்தார். படையலுக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்தவர். அவர் திரும்பி நடந்தார். முற்றத்தில் இருந்த சனங்களுக்கு நடுவால், வெறும் மேலோடு, நெற்றியும் மார்பும் நீறாக, படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினார்.

ஒழுங்கை முனையில் கோழி வளர்க்கிற வீடு ஒன்று உண்டு. அந்தப் படலையில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது. அதில் ஒரு முட்டை. சால்வை இல்லை, உமி இல்லை. வழி நெடுக எல்லாரும் பார்த்தார்கள். முற்றத்தில் இருந்த கதிரவேலு வாத்தியார் எழும்பி நின்றார்.

வேலியோரத்துக்குத்தான் போவார் என்று அருந்ததி நினைத்தாள். அவர் வீட்டுக்குள் போய் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"டேய் அருளம்பலம்!" என்று தம்பிராசா கத்தினார். "உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை," என்ற சத்தம் அடுப்படிக்குள்ளிருந்து வந்தது. "வர வேண்டிய நேரத்திலை வரேல்லை. இப்பதான் வந்திருக்கு."

சிலர் எழும்பிப் போனார்கள். தம்பிராசா செம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டுப் படலையை அறைந்து சாத்திக்கொண்டு போனார். சிலர் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அடுப்படிப் புகைக்கூட்டுக்கு மேலால் புகை எழும்புவதைக் கொட்டிலில் இருந்து பார்க்க முடிந்தது.

படையல் முடிந்து, இலையைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த சனமும் போன பிறகு நல்லம்மா கொட்டிலுக்கு வந்தாள். அருந்ததிக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிப் போகிறவள் அன்று கயிறு தெரிகிற கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தினை தரம் கேட்டவள்?"

"ஒருக்காத்தான்."

நல்லம்மா சோற்றைப் பிசைந்தாள். நெடுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நீ குடுத்திருந்து, நான் கண்டிருந்தால்," என்றாள் கடைசியில், "அவளின்ரை கையிலையிருந்து பறிச்சு உனக்குத்தான் தந்திருப்பன் பிள்ளை."

உருட்டிய கவளத்தை மகளின் கையில் வைத்தாள்.